மகாராஜாவின் பல்லும் மிளகின் பாய்ச்சலும்

கடம்பனூரை ஆண்ட ராஜகம்பீர மகாராஜாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிவிட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவர் தின்று தீர்த்த அதிரசத்துக்கு வாயில் மற்ற பற்கள் மிஞ்சியிருந்ததுதான் அதிசயம்.

கன்னம் பணியாரம் போல வீங்கிவிட்டது. மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீர்தான் ஆகாரம். பல்லைப் பிடுங்கினால் தொல்லை தீர்ந்தது. ஆனால் பிடுங்க வந்த வைத்தியர்களை மிளகு விடவில்லை.

மிளகு என்பது மகாராஜாவின் கோம்பை நாய். அது யாரையும் கடிக்காது. அதைத் தவிர மற்ற எல்லாம் செய்யும். பையும் கையுமாக யார் வந்தாலும் பாய்ந்துபோய்த் தோளில் காலைப் போடும், முகத்தை நக்கும், தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு அரண்மனையைச் சுற்றி ஓடும். முதலில் வந்த வைத்தியர் பின்வாங்கிப் பின்வாங்கி அல்லிக் குளத்தில் விழுந்தார். இரண்டாவது வைத்தியரின் குறடு இன்னும் கிடைக்கவில்லை. மூன்றாமவர், "முதலில் நாயைக் கட்டச் சொல்லுங்கள்" என்றார்.

"என் மிளகைக் கட்டுவதா?" என்று மகாராஜா உறுமிய உறுமலில் அவர் ஊரையே காலி செய்துவிட்டார்.

மிச்சம் இருந்தவர் மாசிலாமணி வைத்தியர் ஒருவர்தான். "ஒரே ஒரு தடவைதான் வருவேன்" என்று சொல்லி அனுப்பினார்.

தலைமை மந்திரி விருத்தகிரிக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. சபையில் அவர் வாய் திறக்கும்போதெல்லாம் மடக்கிப் பேசுகிற விகடகவி வெள்ளியம்பலத்தை அவருக்குக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, எதற்கெடுத்தாலும் வழி சொல்லும் வெள்ளியம்பலம் இருக்க நமக்கு என்ன கவலை? நாயை அவர் பொறுப்பில் விடலாமே" என்றார் தேனொழுக.

வலியில் இருந்தவருக்கு யோசிக்கப் பொறுமை ஏது?

"சரி. வெள்ளியம்பலம், கேட்டுக்கொள். மிளகைக் கட்டக் கூடாது. அறையில் போட்டு அடைக்கக் கூடாது. அதன்மேல் கையை ஓங்கக் கூடாது. அது என் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நாளைக் காலையில் பல் வெளியே வர வேண்டும். வராவிட்டால் நீ நாட்டைவிட்டு வெளியே போக வேண்டும்!"

வெள்ளியம்பலத்துக்கு வீட்டு நினைப்பு வந்தது. வீட்டில் மனைவி நிறைமாசமாக இருந்தாள். இந்த நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? ஆனால் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"உத்தரவு, அரசே. ஒரே ஒரு சந்தேகம். நாயைக் கட்டக் கூடாது, சரி. வேறு யாரையாவது கட்ட நேர்ந்தால்?"

மகாராஜா ஓரக்கண்ணால் மந்திரியைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் முறையாகச் சிரித்தார். சிரித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரை வேண்டுமானாலும் கட்டு! வாயையும் சேர்த்து அடை! எனக்குப் பல் போனால் போதும்."

"ஓலையில் எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்."

முத்திரையும் விழுந்தது. மந்திரிக்கு அப்போதே வியர்த்துவிட்டது. மறுநாள் காலையில் அவர் சபைக்கு வரவில்லை. வயிற்றுப்போக்காம்.

வெள்ளியம்பலம் வந்தார். ஒரு கையில் பட்டுக் கயிறு, மறு கையில் ஒரு பந்து பஞ்சு. பின்னால் இரண்டு காவலர்கள். மிளகை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மகாராஜாவிடம் போனார்.

"என்னய்யா இது? எங்கே வருகிறாய்?"

"தங்கள் உத்தரவுதான், அரசே" என்று ஓலையைக் காட்டினார்.

மகாராஜா படித்து முடிப்பதற்குள் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியாகிவிட்டது. வலிக்காத பக்கத்தில் பஞ்சு. பற்களுக்கு நடுவே ஒரு மரக்கட்டை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம்தான் வரவில்லை. மகாராணி கோமளம் எட்டிப் பார்த்தார். தடுப்பார் என்று காவலர்கள் நடுங்கினார்கள். அவர் ஓர் ஆசனத்தை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

வாசலில் நின்ற மாசிலாமணியிடம் வெள்ளியம்பலம் சொன்னார்: "வைத்தியரே, நாயைப் பார்க்காதீர். பேசாதீர். கையைத் தூக்காதீர். அது முகர்ந்தால் முகரட்டும்."

வைத்தியர் நுழைந்தார். மிளகு விருட்டென்று எழுந்தது. மகாராஜாவின் முகத்தைப் பார்த்தது. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் பார்த்தது. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. வைத்தியரின் பையை முகர்ந்தது, வேட்டி முனையை முகர்ந்தது. அப்புறம் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

குறடு உள்ளே போனது. பல் வெளியே வந்தது.

கயிற்றை அவிழ்த்ததும் மகாராஜா சீறினார். "நாட்டை ஆளுகிறவனைக் கட்டிப்போட உனக்கு எவ்வளவு துணிச்சல்! நாய்க்கு என்ன மருந்து வைத்தாய்?"

"நாயை நான் தொடவே இல்லை, அரசே. முந்தைய மூன்று வைத்தியர்கள் வந்தபோதும் தூண் ஓரமாக நின்று பார்த்தேன். ஆள் நுழைந்ததும் மிளகு முதலில் தங்கள் முகத்தைத்தான் பார்க்கிறது. தாங்கள் உடனே துள்ளி எழுந்து, 'டேய் மிளகு! வேண்டாம்டா! விடுடா!' என்று இரண்டு கையையும் வீசிக் கத்துகிறீர்கள். அதற்கு அந்த வார்த்தையெல்லாம் தெரியுமா? மகாராஜாவே இந்தக் குதி குதிக்கும்போது நாம் படுத்திருந்தால் மரியாதையாக இருக்காது என்று அதுவும் குதிக்கிறது. அதனால்தான் அடக்க வேண்டியவரை அடக்கினேன்."

மகாராஜா முறைத்தார். மிளகைப் பார்த்தார். அது வாலை ஆட்டியது. அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெள்ளியம்பலத்துக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும்? கேள்!"

வெள்ளியம்பலம் வாயைத் திறப்பதற்குள் மகாராணி முந்திக்கொண்டார்.

"அவர் வீட்டுக்குப் போகட்டும், பாவம், மனைவி காத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கயிற்றை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். நாளைக்கு எனக்கு வளையல் அளவெடுக்க ஆசாரி பையும் கையுமாக வருகிறார்."