நாற்பது வீட்டுக்கு ஓர் எருமை

ஆமாங்குடி என்னும் நல்லூரின் தலைவரும், நாற்பது வீட்டாரின் நன்மதிப்பைப் பெற்றவரும், ஊர் முத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்து உறங்குபவருமாகிய மகாராஜராஜஸ்ரீ தவசிக்கண்ணு அவர்களுக்கு, இக்கதை தொடங்குங்கால் வயது அறுபத்தொன்று.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரும் அவருக்கு வயது அறுபத்தொன்றே. அந்நாளில் குடிக்கணக்கு எடுக்க வந்த ஒருவர் வயதைக் கேட்க, இவர் உள்ளபடி சொல்லி, "மேற்கண்டவை யாவும் உண்மை" என்னும் வரியின்கீழ்க் கையெழுத்தும் இட்டார். கையெழுத்திட்டபின் வயது ஏறினால் கையெழுத்துப் பொய்யாகிவிடும் அன்றோ? ஆகவே அன்று முதல் அவர் அறுபத்தொன்றிலேயே உறுதியாக நின்றுவிட்டார். அவரைவிட ஐந்து வயது இளையவளான மனைவி செங்கமலம் இதற்கிடையே அவரைவிட மூத்தவளானாள். அதையும் அவர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டார்.

நிற்க. ஒரு மாசி மாதத்தில் வரி அலுவலகத்திலிருந்து எழிலரசி என்னும் அதிகாரி ஆமாங்குடிக்கு வந்தார். ஊர்மக்கள் வீட்டுவரிப் படிவத்தை எவ்வாறு தயார் செய்கிறார்கள் என்று அறிவதற்கான கேள்வித்தாளைத் தலைவரிடம் கொடுத்தார்.

"நாப்பது வீட்டுக்கும் அலைய வேண்டாங்கய்யா. ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம். ஒண்ணு ரெண்டு வீட்டுல கேட்டு எழுதிடுங்க. அது ஊருக்கே பொருந்தும். பங்குனியில வந்து சரிபார்ப்பேன்."

தாளின் அடியில், தகவல் பொய் எனக் கண்டால் ஊர் முத்திரை திரும்பப் பெறப்படும் என்று அச்சிட்டிருந்தது. அதைப் படித்த தவசிக்கண்ணுவின் கை தானாகவே தலையணை இருக்கும் திசையை நோக்கியது.

அன்று மாலையே தேநீர்க் கடை வாசலில் சபை கூடியது.

"ஒரு சோறுன்னுதான் பழமொழி. ரெண்டு சோறுன்னு எங்க இருக்கு? ஒரு வீடுதான்," என்றார் பதினொரு உருப்படி கொண்ட குடும்பத்தின் தலைவர் பொன்னையன்.

"எந்த வீடு?" என்றான் இடும்பன். அவன் இருபத்து மூன்று வயதுக் கட்டைப் பிரமசாரி. தனி வீட்டில் தனியாக வாழ்பவன்.

"அது இருக்கட்டும். பதம் பாக்குற சோத்த என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் தவசிக்கண்ணு.

"ரெண்டு விரலால நசுக்குவாங்க," என்றார் பொன்னையன்.

நசுங்குவதற்கு ஒருவரும் முன்வரவில்லை. பொன்னையன் தம் குடும்பம் இன்னும் வேகவில்லை என்றார். இடும்பன் தன் வீட்டுக்கூரை ஏற்கெனவே நசுங்கியே இருப்பதால் பயன்படாது என்றான். இறுதியில் தவசிக்கண்ணு எழுந்து, தோள்துண்டை உதறினார்.

"ஊருக்காக நான் நசுங்குறேன்," என்றார். கேட்டவர் கண்களில் நீர் துளிர்த்தது.

அவர் தம் வீட்டு விவரங்களைச் சிறிதும் வழுவாமல் எழுதினார். குடும்பத் தலைவர் பெயர், தவசிக்கண்ணு. வயது, அறுபத்தொன்று. மனைவி பெயர், செங்கமலம். வீட்டில் உள்ளோர், ஐவர். வரிப் படிவத்தைத் தயார் செய்யும் முறை: "மனைவி சொல்ல நான் எழுதுவேன். எழுதியதை அவள் அடிப்பாள். அடித்ததை மறுபடி எழுதுவேன். மேசை இல்லாமையால் எருமையின் முதுகில் தாளை வைத்து எழுதுவது வழக்கம். எருமை நொண்டியாதலால் ஆடாமல் நிற்கும்." கீழே கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தி அனுப்பிவிட்டு நிம்மதியாக உண்டார்.

மூன்றாம் நாள்தான் அவருக்கு உறக்கம் கெட்டது. இது ஊருக்கே பொருந்தும் என்றல்லவா அந்த அம்மையார் சொன்னார்? பொருந்தவில்லை என்றால் கையெழுத்து பொய். கையெழுத்து பொய் என்றால் முத்திரை போயிற்று.

மீண்டும் சபை கூடியது.

"தாளைத் திருத்திடலாமே," என்றாள் செங்கமலம்.

"கையெழுத்துப் போட்ட தாளையா? நல்லாக் கேட்ட போ! தாளைத் திருத்தக்கூடாது. ஊரைத்தான் திருத்தணும்."

ஊரார் உடனே திருந்தத் தொடங்கினர். பொன்னையன் தம் பதினொருவரில் அறுவரைக் கண்ணீரோடு பிற வீடுகளுக்குப் பங்கிட்டார். அவருடைய மாமியார் எதிர்வீட்டுக்குப் போனபோது மட்டும் கண்ணீர் சற்றுக் குறைந்திருந்தது. நாற்பது வீட்டுக்கு ஐவர் வீதம் இருநூற்றுவர் வேண்டும். ஊரில் இருந்தவரோ நூற்றெண்பத்தேழு பேர். குறைந்த பதின்மூவருக்குச் சோளக்கொல்லைப் பொம்மைகளைக் கொண்டுவந்து, சட்டையும் சேலையும் உடுத்தினர். இடும்பனுக்கு வாய்த்த மனைவி வைக்கோலால் ஆனவள். அவளுக்கு மல்லிகைச் சரம் வாங்கிச் சூட்டியது அவன் சொந்தச் செலவு.

கணவன்மார் அனைவருக்கும் தவசிக்கண்ணு என்றும், மனைவிமார் அனைவருக்கும் செங்கமலம் என்றும் பெயர் மாற்றினர். இதனால் தவசிக்கண்ணு ஒருநாள் "செங்கமலம், வெந்நீர்!" என்று குரல் கொடுக்க, முப்பத்தெட்டுச் செம்பு வெந்நீர் வந்து சேர்ந்தது. மெய்யான செங்கமலம் மட்டும் வரவில்லை.

"வேறெவளையோ கூப்பிடுறீங்கன்னு இருந்துட்டேன்," என்றாள் அவள்.

எல்லாம் அமைந்தன. எருமைதான் அமையவில்லை. ஊரில் இருந்ததே ஓர் எருமை.

"அந்தம்மா முன்வாசல் வழியாத்தானே வருவாங்க? நாம எருமையைக் கொல்லைப்புறமா அடுத்த வீட்டுக்கு ஓட்டிருவோம்," என்றான் இடும்பன்.

"நொண்டி எருமைடா. நடக்க நேரமாகும்," என்றார் பொன்னையன்.

"அதுவரைக்கும் மோர் குடுத்து உக்கார வச்சிருப்போம்."

பங்குனியில் எழிலரசி வந்தார். முதல் வீட்டில் ஐவர் இருந்தனர். கணவர் தவசிக்கண்ணு, மனைவி செங்கமலம், கொட்டகையில் நொண்டி எருமை. மோர் குடித்தார். இரண்டாம் வீட்டிலும் தவசிக்கண்ணு, செங்கமலம், எருமை, மோர். மூன்றாம் வீட்டில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஏழாம் வீட்டுக்கு அவர் வந்தபோது, எருமை அவரை அடையாளம் கண்டுகொண்டு அன்போடு அவர் கையை நக்கியது. அதிகாரியின் வயிற்றிலோ ஆறு செம்பு மோர்.

ஏழாவது வீடு இடும்பனுடையது.

"உங்க பேரு?"

"தவசிக்கண்ணுங்க. வயசு அறுபத்தொண்ணு."

"மீசையே இன்னும் சரியா முளைக்கலையே?"

"அரசாங்கத் தாளைவிட மீசை பெருசாம்மா?"

அதிகாரி அவன் மனைவியின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா. வரிப் படிவத்தை யார் எழுதுறது?" என்றார்.

"கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றான் இடும்பன். அச்சமயம் எருமை கழுத்தை நீட்டி, அவன் மனைவியின் இடக்கையைப் பிடுங்கித் தின்னத் தொடங்கியது.

எழிலரசி அம்மையார் அப்படியே உரலின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ட தவசிக்கண்ணு யாருங்க?"

அதற்குள் வாசலில் கூடிவிட்ட வீட்டுத் தலைவர்களின் நாற்பது கைகள் உயர்ந்தன. அவற்றுள் மாசியில் தாளை வாங்கிய கை ஒன்றே. எழிலரசி அதை அடையாளம் கண்டு அவரை அருகழைத்தார்.

"ஏங்கய்யா இப்படிப் பண்ணீங்க?"

தவசிக்கண்ணு மடியிலிருந்த முத்திரையை எடுத்து இருகையாலும் நீட்டினார். "நீங்களே எடுத்துக்குங்கம்மா. ஆனா என் கையெழுத்து பொய்யின்னு மட்டும் எழுதிடாதீங்க. அதுக்காக ஒன்பது வருசமா நான் வயசே ஏறாம இருக்கேன்."

அம்மையார் முதலில் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். முத்திரையை அவர் உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

"பழைய தாளைக் கிழிச்சிடறேன். அது உங்க வீட்டுக்கு மட்டுந்தான் உண்மை. இனி அவங்கவங்க தாளை அவங்கவங்களே எழுதட்டும். உங்களுக்குப் புதுத் தாள் நானே எழுதுறேன். ஒன்பது வருசம் சேர்த்தா வயசு எழுபது. கையெழுத்துப் போடுங்க."

நாற்பது வீட்டாரும் எருமையின் பின்னால் வரிசையில் நின்றனர். மேசை வேண்டுமே! தவசிக்கண்ணு எழுதுகோலை எடுத்தார். எடுத்த கை பாதியில் நின்றது.

"காலையில அறுபத்தொண்ணா எந்திரிச்சேன். மணி இப்போ பதினொண்ணு. அதுக்குள்ள எழுபதுன்னு போட்டா அது பொய்யாச்சே! நடுவுல ஒன்பது வருசம் போகணுமே?"

எழிலரசி அம்மையார் இன்னொரு செம்பு மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

சபை ஆராய்ந்து வழி கண்டது. தேநீர்க் கடையில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் கொண்டுவந்தனர்.

"ஒன்பது வருசத்துக்கு ஒன்பது வேணுமே, ஒண்ணுதானே இருக்கு?" என்றான் இடும்பன்.

"ஒரு சோறு பதம்!" என்றார் பொன்னையன்.

ஒரு நாளும் தவறாமல், முறைப்படி ஒவ்வொரு தாளாகக் கிழித்தனர். ஏகாதசித் தாள் வந்தபோதெல்லாம் இடும்பன் வாயிலிருந்த வடையைக் கையில் எடுத்து வைத்திருந்து, தாள் கிழிந்தபின் மீண்டும் வாயிலிட்டான். தீபாவளித் தாளில் செங்கமலம் குறுக்கே கை நீட்டி, "ஒன்பது சேலை வரணும்," என்று சொல்லி, சம்மதம் பெற்ற பின்னரே கிழிக்க விட்டாள். அட்டையில் கடைசித் தாள் ஒன்று மிஞ்சியபோது தவசிக்கண்ணு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எழுபது வயதுக்குரிய மெல்லிய முனகலோடு குனிந்து, எருமையின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார்.

இவ்விவகாரம் தீர்ந்த நாள், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த டிசம்பர் மாதம் முப்பத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணி.