ஆற்றில் விட்ட துணி

பாவத்தைத் தொலைக்க அந்த ஊரில் ஒரு சுலபமான வழி இருந்தது. ஆற்றில் மூன்று முழுக்குப் போட வேண்டும். உடுத்தியிருந்த துணியை அப்படியே தண்ணீரில் விட வேண்டும். கரையேறி மாற்றுத்துணி கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி வைத்தவர் விவரமானவர். பார்த்தால் குட்டு உடைந்துவிடும். பாவம் போயிருக்கலாம், ஆனால் துணி போயிருக்காது. அடுத்த படித்துறையில் மாட்டிக்கொண்டு கிடக்கும்.

அப்படிக் கிடந்த துணிகளை ஆவுடையப்பன் இரண்டு வருடமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவர் பம்புசெட் மெக்கானிக், ஐம்பத்திரண்டு வயது. ஒருநாள் யாரோ ஆற்றோரத்து மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். தண்ணீருக்குள் கிடந்த குழாய் நுனியில், ஃபுட்வால்வில், ஒரு குழந்தைச் சட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மறுநாளே ஒரு நீளக் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். தினமும் கடை திறக்குமுன் இரண்டு மணி நேரம். இழுத்த துணிகளை வீட்டுக் கொல்லையில் காயப்போட்டு, ஒர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் துடைக்கக் கொடுத்துவிடுவார்.

படித்துறைக்கு மேலே ஒரு சின்ன மடம். அங்கே இருந்த உலகம்மாள்தான் அவருக்குக் குரு. அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளைத் தாயி என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஒரு நாள் காலையில் அவர் கம்பியில்லாமல் வந்தார். உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"தாயி, ஒருத்தன் மட்டும் எடுக்கதுனால என்ன ஆகுது?"

"ரெண்டு வருசமா இல்லாத கேள்வி."

"இப்பம் வந்திருக்கு."

அவர் சொன்னார். மகள் செண்பகத்துக்கு வரன் வந்திருந்தது. பையன் நல்லவன். செண்பகத்துக்கும் அவனைப் பிடித்திருந்தது. வியாழக்கிழமை நிச்சயம் என்று பேசி முடித்தாயிற்று. அதற்குள் பையனின் அப்பா ஆள் அனுப்பியிருந்தார். பக்கத்து ஊரில் அரிசி மில் வைத்திருக்கும் குற்றாலிங்கம்.

"ஊர்ப் பாவத்தை எல்லாம் கையால அள்ளி வீட்டுல காயப்போடுத மனுசன். அந்த வீட்டுல எப்படிப் பொண்ணு எடுக்கன்னு கேட்டு விட்டிருக்காரு. கம்பியத் தூக்கிப் போட்டா நிச்சயம். இல்லன்னா இல்ல."

"செண்பகம் என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடல."

உலகம்மாள் கீரையைக் கீழே வைத்தாள்.

"பத்து எடுத்தா இருபது விழுது, தாயி. ஆறும் சுத்தமாகல. பெத்த பிள்ளை வாழ்க்கையையும் நானே கெடுத்துருவேன் போல." அவர் குரல் உடைந்தது. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி உடைகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"நாளைக்கு அமாவாசைல்லா?"

"ஆமா."

"நாளைக்கு எடுக்காதீங்க."

அதைச் சொல்ல மாட்டாளா என்றுதான் அவர் வந்திருந்தார். சொன்னதும் நெஞ்சில் சுருக்கென்றது.

"விட்டுரச் சொல்லுதீங்களா?"

"நாளைக்கு எடுக்காதீங்கன்னுதான் சொன்னேன். என்கூட வந்து உக்காருங்க."

மறுநாள் இருவரும் மேல்படியில் உட்கார்ந்தார்கள். அமாவாசைக் கூட்டம். விடிந்ததிலிருந்து ஆட்கள் வந்து முங்கி எழுந்து, துணியை விட்டுவிட்டு, கழுத்தை விறைத்துக்கொண்டு கரையேறினார்கள். ஒன்பது மணிக்குப் படிகள் ஓரமாகத் துணி சேர்ந்துவிட்டது. பத்து மணிக்குத் தண்ணீரின் நிறமே தெரியவில்லை.

"கை அரிக்கா?"

"அரிக்கு."

"பொறுங்க."

அப்போது ஒரு பித்தளைக் குடத்துடன் குற்றாலிங்கம் வந்தார். ஆவுடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படி இரும், சம்பந்தி. வியாழக்கிழமை குடும்பத்தோட வாரோம்." மடத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். "தாயி எடுத்துச் சொன்னா யாரும் கேப்பாங்க."

உலகம்மாள் சிரித்துவைத்தாள். ஆவுடையப்பனுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் அது. செண்பகம் இன்றைக்குச் சாப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தார். அது ஒன்றுதான் கொஞ்சம் இனித்தது.

குற்றாலிங்கம் முறை தவறாதவர். மூன்று முழுக்குப் போட்டார். பச்சைக்கரை வேட்டியை ஆற்றில் விட்டார். திரும்பிப் பார்க்காமல் கரையேறி, புது வேட்டி கட்டினார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு, ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒட்டியே இருந்த அடுத்த படித்துறைக்குப் போனார். அவர்கள் வீட்டு நிச்சயத்துக்கு ஆற்றுத்தண்ணீர் வேண்டும். பையனைப் பெற்றவன் தன் கையால், அந்தப் படித்துறையிலேயே, நல்ல நேரத்துக்குள் மொண்டு வர வேண்டும் என்பது பரம்பரை வழக்கம்.

அந்தப் படியிலும் துணிதான் கிடந்தது. இரண்டு படி தள்ளிப் போய்க் குடத்தை முக்கினார். குடத்தோடு ஒரு மஞ்சள் சேலை வந்தது. உதறிவிட்டு இன்னொரு இடத்தில் முக்கினார். ஒரு கால்சட்டை வந்து குடத்தின் வாயை அடைத்தது.

"என்ன கூத்து இது," என்று மேலே பார்த்துச் சொன்னார். "போன வருசம் மூத்தவன் நிச்சயத்துக்கு இங்கனதான் மொண்டேன். அடியில கெடந்த கல்லு கூடத் தெரிஞ்சுச்சே."

"போன வருசம் அண்ணாச்சி எடுத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் உலகம்மாள்.

குற்றாலிங்கம் குடத்தைக் கவிழ்த்துக் கால்சட்டையை உதறினார். பிறகு ஆவுடையப்பனைப் பார்த்தார்.

"ஒரு குடத்துக்கு மட்டும் கொஞ்சம் விலக்கி..."

ஆவுடையப்பன் எழுந்தார்.

"வேண்டாம், வேண்டாம். நீரு தொடாதிரும்."

ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

"வேற யாரையாவது விட்டு எடுத்தா என்ன?"

"யாரை?" என்று கேட்டாள் உலகம்மாள்.

குற்றாலிங்கம் சுற்றிலும் பார்த்தார். ஆள் இல்லாமல் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

நல்ல நேரம் முடியக் கால் மணிதான் இருந்தது. அவர் குடத்தைப் படியில் வைத்தார். புது வேட்டியை மடித்துக் கட்டினார். குனிந்து அந்த மஞ்சள் சேலையைப் பிடித்து இழுத்தார். அதில் ஒரு சட்டை முடிச்சிட்டுக்கொண்டு வந்தது. சட்டையை இழுத்தால் ஒரு துண்டு, துண்டோடு இன்னொரு சேலை. அவசரம் பிடித்த மனுஷன் வேறெதையும் யோசிக்கவில்லை. வாரி வாரிப் படியில் எறிந்தார். கடைசியாக ஒரு பச்சைக்கரை வேட்டி வந்தது. அதையும் எறிந்தார்.

தண்ணீர் தெளிந்தது. இரண்டு மூன்று மீன்குஞ்சுகள் கூட எட்டிப் பார்த்தன. அவர் ஆசையாகக் குடத்தை முக்கி, தளும்பத் தளும்ப மொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகுதான் காலடியில் கிடந்த குவியலைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"தாயி, எடுத்துட்டனே."

"ஆமா."

"என்னுது மட்டும் இல்ல. யார் யாருதோ."

"பாத்தேன்."

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள். அந்த இரண்டடி தூரத்தை ஆவுடையப்பன் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். டீக்கடை பெஞ்சில் பார்த்திருக்கிறார். கோயில் வரிசையில் பார்த்திருக்கிறார். சிரிக்கலாம் என்றால் சிரிப்பு வரவில்லை. அந்த மனுஷன்மேல் இரக்கம்தான் வந்தது.

குற்றாலிங்கம் குடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தளும்பி அவர் புது வேட்டியை நனைத்தது.

"இத்தனை பேரு பாத்துட்டாங்க. ஊர்ல போய்ச் சொல்லிருவாங்க. இனி எம் மகனுக்கு எவன் பொண்ணு குடுப்பான், தாயி?"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான் குடுப்பாரு," என்றாள் உலகம்மாள். "கேக்கதா இருந்தா இப்பமே கேளுங்க. அவரு தண்ணிக்குள்ள இறங்கிட்டா நிமிர நேரமாகும்."