கை மடக்கிய ஏகாம்பரம்

அந்தக் காலத்தில் செல்களுக்கும் பேச்சு இருந்தது. கண்ணுக்கே தெரியாத சின்னதுகள். ஆனால் வாய் மட்டும் காது வரை!

அப்போது கடலடியில் ஒரு முட்டை கிடந்தது. அதற்குள் ஒரு மீன் உருவாகிக்கொண்டிருந்தது. வரைபடம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை, அதட்டி வேலை வாங்க மேஸ்திரி இல்லை. சில ஆயிரம் செல்கள் ஒன்றையொன்று கைபிடித்து நின்றன, அவ்வளவுதான். அதிலிருந்தே ஒரு உயிர் எழும்பி வந்தது. ஒவ்வொரு செல்லுக்கும் உடம்பு முழுக்கக் கைகள். கையில் துளி சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் பிடி நிற்கும். தோல் செல் இன்னொரு தோல் செல்லின் கையைத்தான் பிடிக்கும். நரம்பு செல் நரம்பைத்தான். எல்லாவற்றையும் கலைத்துக் கொட்டினாலும் ஒவ்வொன்றும் தன் இனத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்துகொள்ளும். நம் சமையலறையில் டப்பாவும் மூடியும் ஒரு நாளாவது இப்படித் தானாகச் சேர்ந்ததுண்டா?

மீனுக்கு முதுகு வந்தது, கண் வந்தது, வால் வந்தது. தாடை மட்டும் வரவில்லை. முகம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. மஞ்சள் கருவோ இன்னும் மூன்று நாளைக்குத்தான் காணும். அதற்குள் வாய் வராவிட்டால் மீன் பட்டினியில் செத்துப்போகும். அதோடு எல்லோரும் காலி.

முதுகோரத்தில் நின்ற அலங்காரம் என்ற செல்லுக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் கையைக் கோத்துக்கிட்டு நட்டுவெச்ச மரம் மாதிரி நின்னா முகம் எங்கேருந்து வரும்? யாராவது பிடியை விட்டு நடக்கணும்."

"கையை விட்டா விழுந்துட மாட்டோமா அக்கா?" என்று கேட்டான் அவள் பக்கத்தில் நின்ற ஏகாம்பரம்.

"விழுந்தா எந்திரிச்சு நட. எதிரே நம்ம ஆளைத் தொட்டதும் நின்னு கையைப் பிடிச்சுக்கோ. தொட்டா நிக்கணும். இது ஒண்ணுதான். இதுகூட மண்டையில ஏறாதா?"

"ஏறும் அக்கா, ஏறும்."

அவன் பிடியை அலங்காரமே தன் கையால் விடுவித்தாள். அவனோடு இன்னும் நூறு பேர் கிளம்பினார்கள். தலையைச் சுற்றி, கண்ணுக்குக் கீழே இறங்கி, வலப்பக்கம் வந்தவர்களும் இடப்பக்கம் வந்தவர்களும் நடுவில் தொட்டுக்கொண்டார்கள். தொட்ட இடத்தில் அப்படியே நின்றார்கள். நின்ற இடம் தாடையானது. மீன் முதல்முறையாக வாயைத் திறந்தபோது அத்தனை வாயாடிகளும் வாயடைத்துப் பார்த்தன.

ஏகாம்பரம் மட்டும் நிற்கவில்லை. தாடைக்காரர்கள் கையை நீட்டியதும் தன் கைகளையெல்லாம் உள்ளே மடக்கிக்கொண்டான். கையே இல்லாதவனை எதைக் கொண்டு பிடிப்பது? வழுக்கிக்கொண்டு போய்விட்டான். ஊர் சுற்றிப் பார்த்த காலாயிற்றே!

மீன் வளர்ந்தது. அதன் வயிற்றில் முட்டைகள் நிறைந்திருந்த நேரத்தில், ஏகாம்பரம் செவுளுக்குள் போய் உட்கார்ந்து தின்றான். ஒருவன் இருவரானான், நால்வரானான், நாலாயிரம் ஆனான். அதில் ஒருவனுக்கும் கை கிடையாது. மீனுக்கு மூச்சு முட்டியது.

"அனுப்பினவ நான். நானே போய்க் கூப்பிடறேன்" என்று அலங்காரம் அக்கம்பக்கத்தின் கைகளை விட்டாள். ரத்தத்தில் மிதந்து செவுளுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"டேய், ஆடினது போதும். கையை நீட்டு."

"எதுக்கு அக்கா? வரிசையில நின்னா பங்குதான் கிடைக்கும். இங்கே எல்லாமே எனக்கு."

"மீன் செத்தா அப்புறம் எதைத் தின்னுவே?"

அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிறவன் இந்த வேலை பார்ப்பானா? "நீங்களும்தான் கையை விட்டுட்டீங்க. இனிமே உங்களை யார் சேர்த்துப்பா? பேசாம இங்கேயே தின்னுட்டுப் பெருகுங்க" என்றான்.

அலங்காரம் சுற்றிப் பார்த்தாள். அவள் பிடிக்கக்கூடிய கை அங்கே ஒன்றுகூட இல்லை. ரத்தம் சாப்பாட்டை வாய்வரை கொண்டுவந்து நீட்டியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"மீனுக்கு ஒரு ஏகாம்பரமே தாங்கலை. ரெண்டாவது வேண்டாம்."

தனக்குள்ளே சுருண்டிருந்த டி.என்.ஏ. என்ற உயிர்நூலைத் தானே துண்டுதுண்டாக நறுக்கினாள். உடம்பைச் சின்னச்சின்ன உருண்டைகளாகக் கட்டினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அவளை முன்பின் அறியாத செவுள் செல்கள் அந்த உருண்டைகளை எடுத்து விழுங்கின. வீக்கம் இல்லை, சீழ் இல்லை, தழும்பும் இல்லை. அவள் செய்த சேதி கைக்குக் கை பரவி, வயிற்றிலிருந்த முட்டைகள் வரை போயிற்று. கேட்ட செல்லெல்லாம் பேச்சிழந்தது. அந்தப் பேச்சு பிறகு திரும்பவே இல்லை.

மீன் பிழைக்கவில்லை. ஆனால் சாவதற்குமுன் முட்டைகளை இட்டுவிட்டது. பிடி போனால் தன்னைத்தானே முடித்துக்கொள் என்று அலங்காரத்தின் முடிவு ஒவ்வொரு முட்டைக்குள்ளும் எழுதப்பட்டிருந்தது.

அன்று முதல்தான், என்றைக்கோ ஒரு செல் கையை மடக்கிக்கொண்டு, சாகவும் மறுத்து ஊர் சுற்றக் கிளம்பினால் அதைப் புற்றுநோய் என்கிறோம். பிடி நழுவிய மற்ற கோடானுகோடி செல்களோ, நாம் குழம்பில் உப்பு சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே வேளையில், நமக்காக நமக்குள்ளேயே சத்தமில்லாமல் தங்களை முடித்துக்கொள்கின்றன.