நெல்லிமடை ரோபோ குழுவுக்கு ஆள் சேர்த்தது

நெல்லிமடை மேல்நிலைப்பள்ளியில் ஒரு ரோபோ குழு உண்டு. குழு என்றால் தலைவன் மாசிலா, தவசி, பூமயில், அவ்வளவுதான். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை ஒன்று. அதுவும் ரோபோவிடம் இருந்தது.

ரெஜினா டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். "வெள்ளிக்கிழமைக்குள்ள புதுசா மூணு பேராவது சேரணும். இல்லேன்னா ஹெட்மாஸ்டர் உங்க ரூமைச் சத்துணவு அரிசி மூட்டைக்குக் கொடுத்துடுவாரு. பிள்ளைங்ககிட்ட ரோபோவைக் காட்டுங்க. தூசி மட்டும் படக்கூடாது."

தூசி படாமல் காட்ட வேண்டுமே. ரோபோவை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, நன்றாக ஒட்டி, மைதானத்து நடுவில் வைத்தார்கள். பெட்டி மேல் மிக்ஸி படம்.

"மிக்ஸியாண்ணே?" என்றான் ஒருவன்.

"ரோபோ. உள்ளே இருக்கு, நல்லாப் பார்த்துக்க" என்றான் தவசி.

"திறங்கண்ணே."

"திறந்தா தூசி விழும். நாங்களே பார்த்து ஒரு வாரமாச்சு."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வகுப்புக்குப் போய்க் கேளுங்கப்பா. கை தூக்குறவங்களைக் கூட்டிட்டு வாங்க."

ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள். வீட்டுப்பாடம் செய்யாத நாலு பேரைக் கணக்கு சார் கையைத் தூக்கி நிற்க வைத்திருந்தார்.

"கேக்கும் முன்னாடியே தூக்கிட்டாங்க. என்னா ஆர்வம் பாரு" என்று மாசிலா உருகிப்போனான்.

சாரிடம் சொல்லிக் கூட்டிவந்தார்கள். வாசல் தாண்டியதும் நாலு பேரும் கையை இறக்கினார்கள்.

"இறக்கிட்டாங்களே. டீச்சர் தூக்குறவங்களைத்தானே சொன்னாங்க" என்றாள் பூமயில்.

நியாயம்தானே. நாலு பேரையும் திரும்பச் சாரிடமே ஒப்படைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

"புது ஆள்தானே வேணும். நாமளே சேர்ந்துட்டா?" என்றான் தவசி.

"நாமதான் ஏற்கெனவே இருக்கோமே."

"விலகிட்டுச் சேருவோம்."

விலகினார்கள். பழையவர்கள் போன துக்கத்துக்குச் சற்றுநேரம் மௌனமாக நின்றார்கள். பிறகு சந்தோஷமாகப் புதிதாகச் சேர்ந்தார்கள். ஹெட்மாஸ்டர் வந்து தலையை எண்ணினார், மூன்று சரியாக இருந்தது. அவரும் நெல்லிமடைக்காரர்தானே.

"ரூம் உங்களுக்குத்தான். பழைய ஆளுங்ககிட்ட வேலை கத்துக்கங்க" என்று போய்விட்டார்.

தவசி பெட்டியைத் திறக்கப் போனான்.

"தொடாதடா. நாம புதுசு, நமக்கு என்ன தெரியும்? பழைய ஆளுங்க வரட்டும்" என்றாள் பூமயில்.

"இன்னும் வரலையே. பொறுப்பில்லாத ஜென்மங்க."

"பழைய தலைவன் வீடு எனக்குத் தெரியும். போய்க் கூட்டிட்டு வரேன்" என்று மாசிலா ஓடினான்.

அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்று, "மாசிலா இருக்கானா?" என்று கேட்டான்.

அம்மா தோசையைத் திருப்பியபடியே, "இன்னும் வரலைப்பா. ஸ்கூல்லதான் இருப்பான்" என்றாள்.

மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தான்.

"நல்ல சேதி. ஆளு ஸ்கூலை விட்டு இன்னும் போகலையாம். ஆளுக்கொரு பக்கமாத் தேடுங்க."