குழலியோட புது பூட்ஸ்

ஒரு ஊர்ல ஒரு பெரிய பூங்கா, அதுக்கு நடுவுல ஒரு ஏரி, ஏரி மேல ஒரு பாலம். பனி கொட்டுற ஊரு அது. மார்கழி வந்தா ஏரித் தண்ணி கல்லா இறுகிடும். ஊரே ஸ்கேட்ஸை மாட்டிக்கிட்டு சர்ர்ர்... சர்ர்ர்னு வழுக்கும். காலை ஆட்டாதே, ம் கொட்டு.

அந்த ஊருக்குப் புதுசா வந்தவங்க வடிவும் அவ தங்கச்சி குழலியும். பெரியவளுக்குப் பதினொண்ணு, சின்னவளுக்கு ஆறு. "அவ கைய விட்டுடாதேடி"ன்னு சொல்லித்தான் அம்மா அனுப்புனா.

அங்க ஒரு வழக்கம். ஸ்கேட்ஸ் மாட்டுறவங்க அவங்கவங்க பூட்ஸைக் கரையில, ஏரி கேட்டுக்கு வெளிய இருக்கிற பலகையில வெச்சுட்டுப் போகணும். பொழுது சாய்ஞ்சதும் காவக்காரர் விசில் ஊதுவாரு. பலகை காலின்னா ஏரியும் காலின்னு கேட்டைப் பூட்டிடுவாரு. இந்த வடிவுக்கு அது எங்க தெரியும்? தங்கச்சியோடது புத்தம் புது பூட்ஸ், எவனாவது தூக்கிட்டா? கோயில் வாசல்ல அம்மா செருப்பைப் பிரிச்சுப் போடுவால்ல, அதே மாதிரி ஒண்ணை பெஞ்சுக்கடியில சொருகுனா, இன்னொண்ணைப் புதர்ல திணிச்சா. பெரிய சாமர்த்தியம்! தன்னுது பழசுங்கிறதால அதைப் பலகையிலயே வெச்சா.

அப்புறம் ரெண்டு பேரும் சுத்துனாங்க, சுத்துனாங்க, கூட்டத்துல கை எப்பவோ விட்டுப்போச்சு.

அப்போ வீஈஈல்னு விசில். எல்லாரும் கரையேறி அவங்கவங்க பூட்ஸை மாட்டிக்கிட்டாங்க, குழலிய மட்டும் காணோம். வடிவு காவக்காரர்கிட்ட ஓடுனா.

"ஐயா, என் தங்கச்சி உள்ள இருக்கா!"

"பலகையப் பாரும்மா, ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயிருப்பா."

அப்புறம் ஓடிப்போய் பெஞ்சுக்கடியில இருந்ததை எடுத்தாந்து காட்டுனா.

"ஒத்தை பூட்ஸா? எவனோ தொலைச்சிட்டுப் போனது"ன்னு சொல்லி, க்ளிக்குனு பூட்டிட்டாரு.

அப்போ புதருக்கு ஓடுனா. பாவி மக, அதுக்குள்ள பனி மூடிப்போச்சு, எந்தப் புதர்னே தெரியல. கையுறையக் கழட்டி எறிஞ்சுட்டு வறட் வறட்னு பிறாண்டுனா. விரலெல்லாம் நீலம் பாரிச்சுப்போச்சு. அழுதுக்கிட்டே தோண்டித் தோண்டி, ஒருவழியா எடுத்துட்டா. ஜோடியப் பார்த்ததும்தான் காவக்காரரு நம்புனாரு. பூட்டைத் திறந்துக்கிட்டு ஓடுனாரு.

பாலத்துக்கடியில பனிக்கட்டி ரொம்ப மெல்லிசு. அது மொறுக்குனு உடைஞ்சு, அங்க ஒரு ஓட்டை.

என்ன என் மூஞ்சியப் பார்க்கிற? இல்லடா கண்ணு, பிழைக்கல. இதுல உங்கிட்ட பொய் சொல்ல எனக்கு மனசு வரல.

அப்புறம் வடிவு வீட்டு வாசல்ல வந்து நின்னா. "நான்தாம்மா ஒளிச்சு வெச்சேன், என்னை அடி"ன்னா. அம்மா அடிக்கல, ஒரு வார்த்தை திட்டல. விறைச்சுப்போன அந்த விரலைப் புடிச்சுத் தன் வயித்தோட அழுத்திக்கிட்டு, "வலிக்குதாடி?"ன்னு கேட்டா. வடிவால அதைத்தான் தாங்க முடியல.

ம் கூட கொட்டாம கிடக்கிறியே. இவ்வளவுதான்டா கதை. இப்படி என் பக்கமா ஒட்டிப் படு, கண்ணை மூடித் தூங்கு.