அரசனின் குணக்குறை, மூன்று பக்கங்களுக்கு மிகாமல்

தும்பைக்கோட்டை சமஸ்தானத்தில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் திவான் வேதாந்தம். அவருக்குப் பாடம் நடத்தப் பொறுமை கிடையாது. ஆகவே நான் அரண்மனைப் பள்ளியின் ஆங்கில வித்வான் ஆனேன்.

பதினோரு மாணவர்கள். பாடத்தில் ஓர் ஆங்கிலக் காவியமும் ஒரு சோக நாடகமும் இருந்தன. காவியத்தில் யாராவது சண்டை போட்டுக்கொண்டே இருந்ததால் பையன்களுக்குப் பிடித்திருந்தது. நாடகத்தில் ஓர் அரசன் தன் புத்தியாலேயே கெட்டு, ஐந்தாம் அங்கத்தில் இறந்துபோவான். தொல்லை அங்கேதான் வந்தது.

சென்னையிலிருந்து பள்ளி இன்ஸ்பெக்டர் துரை வந்தார். ஒரே ஒரு கட்டுரை கொடுத்தார்: 'இந்த அரசன் அழியக் காரணமாயிருந்த குணக்குறை என்ன? மூன்று பக்கங்களுக்கு மிகாமல் எழுதுக.'

அரசனுக்குக் குறை உண்டு என்று தும்பைக்கோட்டையில் அதுவரை யாரும் எழுதியதில்லை. ஒன்பது பேர் மந்திரிமேல் பழியைப் போட்டார்கள். ஒருவன் மழைமேல் போட்டான். இன்னொருவன், 'இம்மன்னர் நீடூழி வாழ்க' என்று முடித்திருந்தான். எந்தக் கட்டுரையையும் அப்படி முடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். மன்னர் செத்துப்போயிருந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

துரை பதினொன்றுக்கும் பூஜ்யம் போட்டார். "ஒரு மாதத்தில் திரும்பி வருவேன். இதே கேள்விதான். அப்போதும் இப்படியென்றால் பள்ளிக்கு அங்கீகாரம் கிடையாது."

ராஜா முத்துவிசயர் என்னைச் சபைக்குக் கூப்பிட்டனுப்பினார்.

"பையன்கள் பாஸாகணும், ஓய்."

"ஆகட்டும், மகாராஜா."

"அரசனைக் குறை சொல்லவும் கூடாது. எந்த நாட்டு அரசனா இருந்தாலும் சரி."

நான் வாயைத் திறந்தேன். திவான் முந்திக்கொண்டார்.

"வித்வானுக்குச் சிரமமா இருந்தா, என் மாப்பிள்ளை பி.ஏ. பாஸ் பண்ணிட்டு சென்னையில் சும்மாதான் இருக்கான், மகாராஜா."

"ஒரு மாசம் பார்ப்போம்," என்றார் ராஜா. "முடியலைன்னா மாப்பிள்ளை வரட்டும். இவர் ஊருக்குப் போகட்டும்."

இருபது நாள் யோசித்தேன். யோசனை வரவில்லை. சளி வந்தது.

இருபத்தோராம் நாள், கஷாயம் குடித்துவிட்டு ராஜா முன்னால் போய் நின்றேன். வேறு வழி இல்லாததால் ஒரு பொய் சொன்னேன்.

"மகாராஜா, அந்த நாடகத்து அரசன் குணத்தில் அப்படியே ஏழ்பொய்கை ராஜாதானாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்."

ஏழ்பொய்கை பக்கத்து சமஸ்தானம். இரண்டு ராஜாக்களுக்கும் ஒரு யானை விஷயத்தில் பதினைந்து வருஷப் பகை.

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவனா? அவனைப் பத்தி நான் சொல்றேன், எழுதும்."

"அரசர்களைக் குறை சொல்லக்கூடாதே, மகாராஜா."

"அவனெல்லாம் ஒரு அரசனா! எழுதும், ஓய்."

எழுதினேன். "யார் புகழ்ந்தாலும் நம்பிடுவான். யாராவது உண்மையைச் சொன்னா அன்னிக்குச் சாப்பிட மாட்டான். வேட்டைக்குப் போவான். மானை அடிக்கிறது சேவகன், தலைமேல காலை வச்சு போட்டோ எடுத்துக்கிறது இவன். ராணியம்மாவுக்கு மட்டும் பயப்படுவான். பயமில்லைன்னு தினம் நாலு பேர்கிட்ட சொல்வான்."

எங்கள் ராஜாவை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அந்த மான் போட்டோ என் தலைக்கு நேர் மேலே சுவரில் மாட்டியிருந்தது. நான் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது பக்கம் வந்தது.

அதை மூன்று பக்கமாகச் சுருக்கி, நாடகத்து அரசன்மேல் பொருத்தி, ஆங்கிலத்தில் பையன்களுக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

துரை வந்தார். பதினோரு பேரும் பாஸ். சபையில் எழுந்து, "அரசர்களைப் பற்றி இவ்வளவு கூர்மையாக நான் வாசித்ததில்லை. யார் கற்பித்தது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் ராஜா.

துரை கைகுலுக்கிவிட்டுப் போனார். வண்டி கோட்டை வாசலைத் தாண்டியதும் திவான் ஒரு விடைத்தாளோடு எழுந்தார். வரிவரியாகத் தமிழில் சொன்னார். மானையும் சொன்னார், ராணியம்மாவையும் சொன்னார்.

"இது யாரைப் பத்தி எழுதினதுன்னு இந்தச் சபையில் எல்லாருக்கும் தெரியும், மகாராஜா," என்று முடித்தார்.

ராஜா என் பக்கம் திரும்பினார். "என்ன ஓய், திவான் சொல்றது?"

அப்போது நான் சொன்னது யோசித்துச் சொன்ன பதில் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் பயத்தில் வந்தது.

"எனக்கு ஏழ்பொய்கை ராஜாவைத் தவிர யாரும் தோணலை, மகாராஜா. திவானுக்கு வேறு யார் ஞாபகம் வந்ததுன்னு அவரையே கேளுங்கள்."

ராஜா திவானைப் பார்த்தார். "சொல்லும். யார்?"

திவான் விடைத்தாளை மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார்.

"ஏழ்பொய்கை ராஜாதான், மகாராஜா. தத்ரூபம்."

ராஜா சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சபையைக் கலைத்துவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

"ஏழாம் பக்கத்திலேயே தெரிஞ்சுபோச்சு, ஓய்."

"என்ன, மகாராஜா?"

"யாரைச் சொல்லிட்டிருக்கேன்னு. நிறுத்தியிருக்கலாம். நல்லா வந்துகிட்டிருந்தது, மனசு வரலை."

அவர் தம் தோளிலிருந்த சரிகைச் சால்வையை எடுத்து எனக்குப் போர்த்தினார்.

"இந்தக் கட்டுரை எழுதுறது எனக்குப் பிடிச்சுப்போச்சு. நானும் உம்ம மாணவன்தான், இனிமே."

அடுத்த வாரம் அரண்மனையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு: 'ஆங்கில வித்வானின் குணக்குறைகள்.' மூன்று பக்கங்களுக்கு மிகவில்லை. திருத்தி மதிப்பெண் போடுமாறு உத்தரவு.

சிவப்பு மையோடு இரண்டு முறை படித்தேன், எங்காவது மிகைப்படுத்தியிருக்கிறாரா என்று.

பத்துக்குப் பத்து போட்டு அனுப்பினேன்.