விடாத கை

"டீச்சர், நான் செஞ்ச கை மூடுது. திறக்க மாட்டேங்குது."

இப்படி அலுத்துக்கொண்டவர் கோமதிநாயகம். வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருடம் மோட்டார்களோடு மல்லுக்கட்டிவிட்டு, செயற்கைக் கை செய்யக் கற்றுக்கொள்ள அந்தக் கடலோரப் பட்டறைக்கு வந்தவர். சொல்லிக்கொடுக்கும் நஸீமாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

சுவரெல்லாம் பிளாஸ்டரில் வார்த்த கைகளும் கால்களும் தொங்கின. மதியக் காற்றில் அவை மெல்ல ஆடும். அந்த நேரத்தில் பட்டறையே அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும்.

நடுவில் கஸ்பார் உட்கார்ந்திருந்தார். விசைப்படகில் போய் வலக்கையை முழங்கைக்குக் கீழே இழந்தவர். மிச்சமிருந்த தசை இறுகினால் இயந்திரக் கை மூடும், தளர்ந்தால் திறக்கும். ஆனால் மாட்டிய நொடியே மூடிக்கொண்டது. அதோடு சரி.

மூன்று தடவை மோட்டாரை மாற்றியாயிற்று. இன்றைக்கும் திறக்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டுப் போவதாகவும், இனி இந்தப் பக்கமே வரப்போவதில்லை என்றும் கஸ்பார் சொல்லிவிட்டார்.

நஸீமா கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"சார், அவர் எதைப் பிடிச்சிருக்கார்?"

"ஒண்ணுமில்லையே. வெறும் கைதான்."

"நீங்க செஞ்ச கையைக் கேக்கல. அவரோட கையைக் கேக்கறேன்."

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் அளவெடுத்தாரே தவிர, அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கத்தோடு இப்போது கேட்டார்.

இல்லாத அந்தக் கை நாலு வருடமாக மூடியே இருக்கிறது என்றார் கஸ்பார். நகம் உள்ளங்கையில் குத்துகிறதாம். தூங்கவே விடுவதில்லையாம்.

"கயிறு, சார். தம்பி கடல்ல விழுந்துட்டான். கயித்த வீசினேன், புடிச்சிட்டான். அதுக்குள்ள கயித்தோட இந்த முனைய வலை இழுக்குற விஞ்சு மிஷின் சுத்தி இழுத்துருச்சு, கையோட. முழிச்சுப் பாத்தா ஆஸ்பத்திரி. கயித்த விட்டதா ஞாபகமே இல்ல."

நஸீமா எழுந்து வாசலுக்குப் போனார். கஸ்பாரை ஒவ்வொரு தடவையும் பைக்கில் கூட்டிவந்துவிட்டு வெயிலிலேயே நிற்கும் ஆளை உள்ளே அழைத்துவந்தார். தம்பி ரொசாரி. அன்றைக்கு நடந்ததைப் பற்றி அண்ணனும் தம்பியும் அதற்குப்பின் பேசிக்கொண்டதே இல்லை.

நஸீமா அண்ணனுக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டார். அவ்வளவுதான்.

ரொசாரி அந்த இயந்திர விரல்களைப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை.

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"படகுல ஏறிட்டியாலே?"

"அப்பவே ஏறிட்டேன்ண்ணே. நீ விடு."

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் சத்தம் கோமதிநாயகத்துக்குக் கேட்டது.